இருமுறை அஸ்தமிக்கும் சூரியன்

(ஆஸ்பத்திரி நண்பர்களின் ஸ்தோத்திரக் கூட்டத்தில் எங்கள் ஆஸ்பத்திரி போதகர் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்தில் வழக்கமாய் வார்டுகளின் செய்தியைத்தான் சொல்லுவோம். கணக்கையும் தேவைகளையும் பொருளாளர் ஐயா சொல்லி முடித்துவிட்டார். அவரைவிட நன்றாய் அதைச் சொல்ல எங்களால் ஆகாது. ஆகவே இம்முறை ஒரு மாலை நடையைக் குறித்துப் பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறோம்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், நம்முடைய ஊழியத்தை நெடுங்காலமாய்த் தாங்கிவருகிற ஒரு சபையாரின் அழைப்பின்பேரில், ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டெண்ட் அம்மாவும் நாங்களும் இங்கிலாந்து தேசத்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியிலுள்ள லீக் என்னும் ஊருக்குப் போயிருந்தோம். பிரயாணச் செலவு முழுவதையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நீங்கள் கொடுத்த காணிக்கையில் ஒரு ரூபாயும் அதற்குப் போகவில்லை.

அந்தச் சபையாரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஜூன் மாதக் கூட்டத்தை அவர்கள் மண்டபத்தில் நடத்துவதில்லை. இராச்சாப்பாட்டை முடித்துக்கொண்டு, சிறியவர் பெரியவர் எல்லாருமாய் வயல்வெளியில் நடந்துபோய் ஒரு மேட்டில் நின்று சூரியன் அஸ்தமிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு சூரியனா என்று நீங்கள் கேட்கலாம். ஜூன் 21ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் அங்கே பகல் ஏறக்குறைய 17 மணி நேரம். நமக்கோ அதே நாளில் 13 மணி நேரம்கூட இல்லை. அவர்களுக்கு இராத்திரி 9.40 மணி சுமாருக்குத்தான் சூரியன் மறைகிறது. டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான், அந்த ஜனங்கள் ஜூன் மாத வெளிச்சத்தின்மேல் ஏன் அவ்வளவு ஆசையாய் இருக்கிறார்கள் என்பது விளங்கும். நாம் நிழலைத் தேடுகிற ஜனம். அவர்கள் வெயில் விழும் பக்கமாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுகிறார்கள்.

லீக் பட்டு ஆலைகளால் பேர்பெற்ற ஊர். நம் தேசத்தின் டசர் பட்டுக்கும் அந்த ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. தாமஸ் வார்டில் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் அங்கே சாயத்தொழில் நடத்தியவர். நம் காடுகளில் கிடைக்கும் பட்டுக்குச் சாயம் ஏற்றும் வழியைக் கண்டுபிடிக்கப் பிரயாசப்பட்டவர் அவர். அவருடைய மனைவி எலிசபெத் அம்மையார் 1879இல் ஒரு தையல் சங்கத்தை ஏற்படுத்தினார். அந்தச் சங்கத்துப் பெண்கள் பூவேலை செய்த பீட விரிப்புகளை இன்றும் அங்கே காணலாம். எங்கள் சூப்பரின்டெண்ட் அம்மாவுக்கு ஒரு முழுக் காலைநேரம் அந்தத் தையலைப் பார்ப்பதிலேயே போயிற்று.

ஆனால் லீக் ஊருக்கு வேறொரு புகழும் இருக்கிறது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலை ஒட்டிய சில மாலைகளில் சூரியன் இரண்டு தடவை அஸ்தமிக்கும். இதை முதலில் கேட்டபோது, எங்களை வேடிக்கை செய்கிறார்கள் என்றுதான் நினைத்தோம். ஆனால் இது புத்தகத்தில் ஏறிய விஷயம். ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ஆஷ்மோலியன் காட்சிசாலையின் முதல் காப்பாளராயிருந்த ராபர்ட் ப்ளாட் என்ற அறிஞர், அந்த மாவட்டத்தின் இயற்கை வரலாற்றை 1686இல் அச்சிட்டபோது இதையும் எழுதி வைத்திருக்கிறார். ஊர்ச் சபையாகிய செயின்ட் எட்வர்ட் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் நின்று ஜனங்கள் அதைப் பார்ப்பார்களாம். அவர்கள் நின்ற இடத்துக்கு டாக்டர்கள் மூலை என்று பெயர். ஆஸ்பத்திரிக்காரர்களாகிய எங்களுக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துப்போயிற்று.

அதன் விவரத்தை ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு விளக்கினார். கேளுங்கள், கடினம் ஒன்றுமில்லை. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேராய்க் கீழே இறங்குகிறது, கிணற்றில் வாளி இறங்குவதுபோல. அதன் கீழ்விளிம்பு அடிவானத்தைத் தொட்டதிலிருந்து முழுதும் மறைவதற்கு இரண்டரை நிமிஷம்கூட ஆகாது. வடக்கே தூரமாய்ப் போகப் போக அந்த இறக்கம் சாய்ந்துவிடுகிறது. லீக் ஊரில் ஜூன் மாதத்துச் சூரியன் ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில், வலப்பக்கமாய், அதாவது வடக்கு நோக்கிச் சறுக்கிக்கொண்டே இறங்குகிறது. முழுதும் மறைய ஐந்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாய்ப் பிடிக்கும். அந்தத் திசையில், ஆறு மைலுக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில், 343 மீட்டர் உயரமுள்ள ஒரு குன்று இருக்கிறது. அதன் உச்சிக்குப் பின்னால் சூரியன் மறையும். குன்றின் வடபக்கமோ செங்குத்தானது. சூரியன் சறுக்குகிற சாய்வைவிட அந்தச் சரிவு அதிகச் செங்குத்து. ஆகவே பின்னாலேயே நகர்ந்து வந்த சூரியன், அந்தச் சரிவின் ஓரமாய் மறுபடியும் எட்டிப் பார்க்கும். பிறகு கீழே செஷயர் சமவெளியில் இரண்டாம் முறை அஸ்தமிக்கும். இவ்வளவுதான்.

அந்தக் குன்றின் பெயர் பாஸ்லி க்ளவுட். க்ளவுட் என்றால் மேகம் என்று நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்குப் பாறை, குன்று என்றுதான் பொருளாம். வானத்தில் பாறைபோல் குவிந்து கிடப்பதைப் பார்த்துப் பிற்காலத்தார் மேகத்துக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அந்த ஊரார், மேகம் மறைக்காதிருந்தால் மேகத்துக்குப் பின்னால் பார்க்கலாம் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். இங்கிலாந்தில் மேகம் மறைக்காத மாலை எத்தனை என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டர்கள் மூலையிலிருந்து இப்போது அது தெரிவதில்லை. வானம் மாறிவிட்டதினால் அல்ல. பூமியின் அச்சுச் சாய்வு நூறு ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைகிறது என்பது மெய்தான். ப்ளாட் எழுதிய காலத்திலிருந்து கணக்குப் பார்த்தால், சூரியன் மறையும் இடம் அதன் அகலத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இடப்பக்கம் நகர்ந்திருக்கும் என்று அந்த ஆசிரியர் சொன்னார். ஆனாலும் தடையாயிருப்பது மரங்கள்தான். இடையே மரங்கள் வளர்ந்து காட்சியை மூடிவிட்டன. வெட்டிவிடலாமே என்று எங்களுக்கும் தோன்றிற்று. ஆண்டுக்கு ஐந்தாறு மாலைக் காட்சிக்காக நூறு வருஷத்து மரத்தை வெட்டுவது சரியல்ல என்று அவர்கள் விட்டிருக்கிறார்கள் போலும். அது நல்ல புத்தி என்றே நினைக்கிறோம். பார்க்க விரும்புகிறவர்கள் எழுந்து நடக்க வேண்டியதுதான்.

நாங்கள் நடந்தது ஜூன் 24ஆம் தேதி, சனிக்கிழமை. திருச்சபைக் காலண்டரில் அது யோவான் ஸ்நானனின் பிறந்தநாள் பண்டிகை. கிறிஸ்து பிறப்புக்குச் சரியாய் ஆறு மாதம் முந்தி அந்தப் பண்டிகையை வைத்தார்கள். யோவானின் பிறந்தநாளிலிருந்து பகல் குறைகிறது, ஆண்டவருடைய பிறந்தநாளிலிருந்து பகல் வளருகிறது என்று பரிசுத்த அகுஸ்தீன் தமது பிரசங்கங்களில் காட்டியிருக்கிறார். செமினரியில் அதைப் படித்தபோது பரீட்சைக்காகப் படித்தோம். பகல் வளருவதையும் குறைவதையும் கண்ணால் பார்க்கிற ஒரு தேசத்தில் நின்றபோதுதான், அது எப்படிப்பட்ட பிரசங்கமாய் இருந்திருக்கும் என்று விளங்கிற்று.

எட்டு மணிக்குப் புறப்பட்டோம். இருபத்துமூன்று பேர், இரண்டு நாய்கள். அந்தத் தேசத்தில் தனியார் வயல்கள் வழியாகவும் பொதுஜனங்கள் நடக்கச் சட்டப்படி உரிமையுள்ள ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. கல்சுவர்களைத் தாண்டுவதற்கு அங்கங்கே படிகள் வைத்திருக்கிறார்கள். ஆடு தாண்டாது, ஆள் தாண்டலாம். எங்கள் சூப்பரின்டெண்ட் அம்மா சேலையோடு ஒவ்வொரு படியையும் தாண்டியதைப் பார்த்து அந்தச் சபையின் பெண்கள் கைதட்டினார்கள். நடையில் ஒரு கட்டளை மாத்திரம் உண்டு: யாவரிலும் மெதுவாய் நடக்கிறவர் முன்னே நடப்பார், அவரை யாரும் முந்தக்கூடாது. அன்று முன்னே நடந்தவர் எண்பத்துநாலு வயதுள்ள ஒரு பெரியவர். ஒரு மைல் நடக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

அந்த மெதுவான நடையில்தான் ஒரு அம்மையார் எங்கள் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார். அவருடைய புருஷன் இருபது வருஷமாய் இந்த நடைக்கு ஏற்பாடு செய்துவந்தவர். அந்த வருஷம் மார்ச் மாதத்தில் மரித்துப்போனார். கடைசி நாட்களில் ஒரு வாரமாய்க் கண் திறக்காமல், ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தாராம். ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்தார். தேநீர் கேட்டார். இரண்டு துண்டு ரொட்டி தின்றார். ஜூன் மாதத்து நடைக்கு எந்தப் பாதை நல்லது என்று அரைமணி நேரம் பேசினார். அம்மையாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி பட்டணத்திலிருக்கிற மகன் விமானத்துக்குப் பதிவு செய்திருந்தான். அவனை அழைத்து, அப்பாவுக்குத் தேறிவிட்டது, அவசரமாய் வரவேண்டாம், ஈஸ்டருக்கு வா என்று சொல்லிவிட்டார். மறுநாள் விடியுமுன்னே எல்லாம் முடிந்தது.

அவர் அழவில்லை. நேராய்க் கேட்டார். "ஐயா, நீங்கள் எத்தனையோ படுக்கைகளின் அருகே நின்றவர். அந்தக் காலை வெறும் ஏமாற்றுத்தானா?"

நண்பர்களே, இந்தக் கேள்வியை எங்களிடம் தமிழில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். அணையப்போகிற விளக்கு பிரகாசமாய் எரியும் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். எங்கள் வார்டிலே அது மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்கிறது. நாலு நாளாய்ப் பேச்சில்லாதவர் பேரன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், கஞ்சி கேட்பார், பாட்டுப் பாடச் சொல்லுவார். டாக்டர்களும் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். மைக்கேல் நாம் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் 2009இல் இதற்கு ஒரு தனிப்பெயரே வைத்தார். பெயர் வைத்ததனால் அந்தக் குடும்பத்தாருக்கு என்ன? வீட்டார் ஓடிவந்து, ஜெபம் கேட்கப்பட்டது ஐயா, டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்பார்கள். அந்த வேளையில் அவர்களுக்கு என்ன சொல்லுவது என்பதைப்போல் எங்கள் ஊழியத்தில் பாரமான காரியம் வேறில்லை. ஆமென் என்று சொல்லிவிட்டால், ஊருக்குப் போய் வீட்டைப் பெருக்கி வைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். இது கடைசி நேரம் என்று சொல்லிவிட்டால், சிரிக்கிற மனுஷன் எதிரிலேயே ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டிலும் அந்த மனுஷன் தனியாய் விடப்படுகிறான்.

ஆகவே நாங்கள் சொல்லுவது ஒன்றுதான். "தம்பி, அவர் இப்போது பேசுகிறார். பக்கத்தில் உட்காருங்கள். வெளியூரில் யாராவது இருந்தால் இப்பொழுதே கூப்பிடுங்கள்." தேறிவிட்டார் என்றும் சொல்லுவதில்லை, போய்விடுவார் என்றும் சொல்லுவதில்லை. அநேகருக்கு அது புரிந்துவிடுகிறது. புரியாதவர்களும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அந்த அம்மையாரிடம், ஏமாற்று இல்லை அம்மா என்று சொன்னோம். அவர் கேட்ட தேநீர் மெய், அவர் தின்ற ரொட்டி மெய், நடையைப்பற்றிப் பேசியது மெய். அது நாளைய தினத்தைக் குறித்த வாக்குத்தத்தம் அல்ல, அவ்வளவுதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கல்சுவர் வரும்வரை பேசாமல் நடந்தோம். பிறகு, "ஆனால் என் மகன் வந்திருக்கலாம்" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆமாம் அம்மா, வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னோம். வேறெதுவும் சொல்லியிருந்தால் அது அவர் துக்கத்தை அவமதிப்பதாயிருந்திருக்கும்.

மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதேகால். பிளாஸ்க்குகளைத் திறந்தார்கள். ஓட்கேக் என்ற ஒரு பலகாரம் அந்தப் பக்கத்துக்கே உரியது. ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துக் கல்லில் வார்த்து, உள்ளே பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டித் தருகிறார்கள். அசல் தோசை! சட்னி ஒன்றுதான் குறை. மேற்கே வானம் தெளிவாயிருந்தாலும், சமவெளியின்மேல் தாழ ஒரு மேகக்கட்டு கிடந்தது. கணக்கு ஆசிரியர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

ஒன்பதரை மணியை ஒட்டிச் சூரியன் குன்றின் உச்சியைத் தொட்டது. நல்ல செம்பு நிறம். கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாய்ந்து இறங்கி மறைந்துபோயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். குளிர்ந்த காற்று வீசத் தொடங்கிற்று. போன வருஷமும் இரண்டாவது தடவை தெரியவில்லை, இந்த மேகத்தில் இன்றும் தெரியப்போவதில்லை என்று சொல்லி ஏழெட்டுப் பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. பிள்ளைகள் தூங்கும் நேரம் கடந்துவிட்டது.

காத்திருந்த வேளையில் ஒரு சகோதரர் எங்களை நோக்கி, இதை உயிர்த்தெழுதலுக்கு அடையாளமாக வைத்து இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார். இன்னொருவர் எசேக்கியா ராஜாவை நினைப்பூட்டினார். வியாதியாயிருந்த ராஜாவுக்காகச் சூரிய கடிகாரத்தின் நிழல் பத்துப் பாகை பின்னிட்டுப் போனதல்லவா? நல்ல வேதவாசிப்புள்ளவர். ஆனால் நாங்கள் சம்மதிக்கவில்லை. எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. இந்தக் குன்றண்டையில் சூரியன் பின்னிட்டுப் போகவில்லை, மறித்து எழும்பவும் இல்லை. தன் வழியில் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. மறுபடி தெரிந்தாலும் அது அதே சாயங்காலம்தான். உயிர்த்தெழுதலை நாங்கள் விசுவாசிக்கிறோம். அதனால்தான் வேறொன்றை எடுத்து அதன் பெயரால் அழைக்க மனம் வரவில்லை. மேலும், பக்கத்தில் நின்றவர் அந்த அம்மையார். மார்ச் மாதத்தில் ஒருமுறை தேறிவிட்டது என்று நம்பியவர். அவருக்கு முன்பாக அப்படிப் பேசத் துணியவில்லை. சும்மா நின்று பார்ப்போம் என்றோம்.

ஐந்தாறு நிமிஷம் ஆகியிருக்கும். முதலில் பார்த்தது முன்னே நடந்த அந்த எண்பத்துநாலு வயதுப் பெரியவர். கைத்தடியை நீட்டிக் காட்டினார். குன்றின் வலப்பக்கத்துச் செங்குத்தான ஓரத்தில், நகத்தை வெட்டிப்போட்ட துண்டைப்போல் மெல்லிய ஒரு கீற்று. அது வளர்ந்து கால்வட்டம் அளவாயிற்று. மேகக்கட்டின் விளிம்பு சிவந்தது. அதற்குமேல் அது வளரவில்லை. மேகத்துக்குள் நுழைந்து மங்கிப்போயிற்று. எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் இருக்குமோ என்னவோ. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

கீழே இறங்கிப்போனவர்கள் அதைப் பார்க்கவில்லை. அந்த இடத்திலிருந்து குன்றே தெரியாது.

அம்மையார் கையுறையைக் கழற்றிக் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். சிட்னியில் அப்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழுமணிக்குச் சில நிமிஷங்கள் இருந்தன. அங்கே அது குளிர்காலம், இன்னும் சூரியன் உதிக்காத நேரம். மகனைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டார் என்பது அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. இரண்டாவது தடவையும் தெரிந்தது என்று சொன்னார். அப்பா சொன்ன மேல்பாதை வழியாகத்தான் வந்தோம் என்றார். பிறகு நெடுநேரம் அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றோம். இராத்திரி பத்துமணிக்கும் பாதை தெளிவாய்த் தெரிந்தது. கொண்டுபோன டார்ச்சு விளக்கு ஒன்றையும் யாரும் ஏற்றவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தோம். பிறகு அந்தப் பெரியவர் தடியை ஊன்றி முன்னே இறங்கினார்.